வருஷ பாஸ் வாங்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சித்தையன்கோட்டை குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு எழுதி வைக்காமல் பேச வராது. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. ஆனால் குழுவில் ஆறு வருஷமாக வரவு செலவு நோட்டு எழுதுகிறேன், அந்தத் தைரியத்தில் பேர் கொடுத்தேன். "கடன் மேலாண்மை" என்று தலைப்பு கொடுத்தார்கள். அது பெரிய தலைப்பு, பேங்க் மேனேஜர் சார் பேச வேண்டியது. நான் எங்கள் குழுவில் நடந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தீம் பார்க் வருஷ பாஸ்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. மே மாதக் கூட்டத்தில் மூன்று பேர் இதற்கு உள்கடன் கேட்டார்கள் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். ஆளுக்கு 10,000 ரூபாய். குழுவில் அன்றைக்குக் கையிருப்பு 34,000. அதே கூட்டத்தில் மாவு விற்கிற அக்கா ஒருவர் கிரைண்டர் மோட்டார் எரிந்துபோச்சு என்று 8,000 கேட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பாஸ் கடன் கொடுத்தால் கிரைண்டருக்குப் பணம் பத்தாது. அதனால்தான் இது விளையாட்டு விஷயமாக இல்லாமல் போனது.

பாஸ் எப்படி ஊருக்குள் வந்தது என்றால், பள்ளிக்கூடம் லீவு விட்ட வாரத்தில் ஒரு ஆள் பளபளவென்று அட்டையோடு தெருவில் வந்தார். எந்தப் பூங்கா என்று சொல்லவில்லை, தேவையுமில்லை. "ஒரு தடவை பணம் கட்டுங்க, வருஷம் பூரா எத்தனை தடவை வேணும்னாலும் போங்க, மூணு தடவை போனாலே காசு திரும்பிரும்" என்றார். பிள்ளைகள் ஏற்கெனவே செல்போனில் சறுக்குமரத்தையும் அலைக் குளத்தையும் பார்த்து வைத்திருந்தார்கள். அப்புறம் வீட்டில் நிம்மதி ஏது?

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பேரெல்லாம் மனப்பாடம். மதுரைக்குப் போகிற வழியில் பரவையில் அதிசயம். மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர். கொச்சியில் வொண்டர்லா. அது 2000-ஆம் வருஷம் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது, வி-கார்டு ஸ்டெபிலைசர் கம்பெனிக்காரர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி ஆரம்பித்தது. சென்னையில் வி.ஜி.பி. நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பற்றித்தான் பேச்சு. சிரிக்க வைத்தால் பரிசு என்பார்கள். போய்ப் பார்த்தவர் யார் என்றால் தெருவில் ஒரு வீடு இருக்கும்.

நமக்குத் தெரிந்த பழக்கம் திருவிழா ராட்டினம். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவிலும், மதுரை தமுக்கம் பொருட்காட்சியிலும், ஏறுகிற ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு. கையில் இருக்கிற காசு முடிந்தால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955-இல் திறந்தபோதும் இப்படித்தான் இருந்ததாம், ஒவ்வொரு ராட்டினத்துக்கும் டிக்கெட். அப்புறம் டிக்கெட் புத்தகமாகக் கொடுத்து, 1982-இல் அதையும் விட்டுவிட்டு, ஒரே டிக்கெட், எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்று மாற்றினார்கள். இதையெல்லாம் தேடி எடுத்துச் சொன்னது என் அக்கா மகள், காந்திகிராமத்தில் காலேஜ் படிக்கிறாள். ஒரு நாளைக்கு என்று இருந்த அந்த ஒரே டிக்கெட்டை ஒரு வருஷத்துக்கு இழுத்தால், அதுதான் வருஷ பாஸ்.

ஓட்டலில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று போர்டு இருக்கும் இல்லையா. முழுச் சாப்பாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனாலும் ஓட்டல்காரர் நஷ்டப்படுவதில்லை. மனுஷ வயிறு எவ்வளவு கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். பூங்காக்காரருக்கும் அப்படித்தான். தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷினும், மோட்டாரும், காவலுக்கு நிற்கிற ஆட்களும் பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் இருந்தாக வேண்டும். வேலை நாளில் காலியாகக் கிடக்கிற குளத்தில் பாஸ்காரர் நாலு பேர் வந்து இறங்கினால் அவருக்குக் கூடுதல் செலவு பெரிசாக ஒன்றுமில்லை. வந்தவர்கள் உள்ளே சாப்பிடுவார்கள், கூட வருகிற சொந்தக்காரர் டிக்கெட் வாங்குவார். பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, வியாபாரம். நாமும் நம் பக்கத்துக் கணக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குக் கூட்டத்தில் போட்ட கணக்கு இது. விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அதனால் கணக்குக்காக ஒரு ஆளுக்கு நாள் டிக்கெட் 900, வருஷ பாஸ் 2,500 என்று வைத்துக்கொண்டோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கு ஒரு நாள் டிக்கெட் 3,600. நாலு பாஸ் 10,000. மூன்று தடவை போனால் டிக்கெட்டுக்கே 10,800 ஆகும். ஆக, அந்த ஆள் சொன்னது சரி. மூன்றாவது தடவையில் பாஸ் காசு திரும்பிவிடுகிறது.

"அப்பப் பாரு" என்றார்கள் கடன் கேட்டவர்கள்.

எங்கள் பிரதிநிதி அக்கா மட்டும், "வீட்டிலிருந்து குளம் வரைக்கும் பறந்தா போவீங்க?" என்று கேட்டார். அங்கேதான் கணக்கு திரும்பியது. நமக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை, உண்மை. ஆனால் அது மதுரை போகிற வெளியூர் பஸ்ஸுக்குச் செல்லாது. நாலு பேர் போய்வர 500 வைத்தோம். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாலும் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் சாப்பாடு 800. சேலையோடும் காட்டன் சுடிதாரோடும் சறுக்கில் விடமாட்டார்கள், நைலான் உடுப்பு வேண்டும். அதன் வாடகையும் பொருள் வைக்கிற பெட்டி வாடகையும் 400. வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகாததால் கூலி 700. மொத்தம் 2,400. பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் இந்த 2,400 போகும். பெண்ணாளுக்குக் கூலி போடவில்லையே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போட்டால் இன்னும் ஏறும், இது போதும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது பாருங்கள். டிக்கெட் வாங்கி ஒரே ஒரு தடவை போனால் 6,000. இரண்டு தடவை என்றால் 12,000. மூன்று தடவை 18,000. பாஸ் வாங்கினால் ஒரு தடவைக்கு 12,400, இரண்டு தடவைக்கு 14,800, மூன்று தடவைக்கு 17,200. மூன்று தடவை போனால் மிச்சம் 800 ரூபாய். அந்த 800-ஐ மிச்சம் பிடிக்க, ஒரு தடவை போகிற செலவுக்கு மேலே 11,200 ரூபாய் செலவழித்திருப்போம். அதோடு, 10,000 கடனை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் மாதம் ஆயிரமாகப் பத்து மாதம் கட்டினால் வட்டி 550. மிச்சம் பிடித்த 800-இல் 550 குழுவுக்கே வந்துவிடும். கையில் 250.

நோட்டை எல்லாருக்கும் காட்டினேன். ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் ஒரு தங்கச்சி, "ஆறு தடவை போவோம் அக்கா" என்றாள்.

இதுதான் முக்கியமான இடம். "எத்தனை தடவை போவீங்க?" என்று கேட்டால் எல்லாரும் ஆறு, எட்டு என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம். "போன வருஷம் குடும்பத்தோட, கல்யாணம் காதுகுத்து இல்லாம, சும்மா சந்தோஷத்துக்கு எத்தனை நாள் வெளியே போனீங்க?" பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு ஒரு நாள் கூட இல்லை. மூன்று பேருக்கு ஒரு நாள். ஒருத்தருக்கு இரண்டு, அதில் ஒன்று பழநி, மொட்டை போட. அதையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டோம்.

நம்ம ஊர்ப் பொம்பளைகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜிம் என்று உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறதே, அங்கே சேர்ந்த 7,752 பேரின் வருகைக் கணக்கை ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மல்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் எடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டி, எத்தனை நாள் வேண்டுமானாலும் வரலாம் என்று சேர்ந்தவர்கள், மாதத்துக்கு நாலு தடவை சொச்சம்தான் வந்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.  அவர்களுக்கே அந்தக் கதி. இதைச் சொன்னதும் எங்கள் மாவு அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். கூட்டத்தில் இறுக்கம் போனது அப்போதுதான்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி நடுவில் போட்டோம். பிப்ரவரி, மார்ச் பரீட்சை. ஜூன் பள்ளிக்கூடம் திறப்பு, ஃபீஸ், நோட்டு. ஆடியில் கோவில். அக்டோபர், நவம்பர் மழை, தீபாவளிச் செலவு. பூப்பறிக்கப் போகிறவர்கள் ஒரு நாள் விட்டாலும் மொட்டு விரிந்துவிடும், நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு விரிந்த மல்லிகையைக் கொண்டுபோனால் பாதி விலை கூடக் கிடைக்காது. நம் ஊரில் பாதி வீடுகளில் நோன்பு மாதம் உண்டு. மாதத்தில் அந்த நாலைந்து நாட்கள் நமக்குத் தண்ணீரில் இறங்க முடியாது, அதையும் வெட்கப்படாமல் கழித்தோம். மிஞ்சியது பொங்கல் லீவும், காலாண்டு லீவும், ஏப்ரல் மே மாதமும். அதே நாட்களில்தான் ஊரே திரண்டு வரும். சில பாஸ்களில் பண்டிகை நாளும் கோடை ஞாயிற்றுக்கிழமையும் செல்லாது என்றே அச்சடித்திருக்கும், பொடி எழுத்தில்.

பொடி எழுத்தை எங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பையனை விட்டுத்தான் படிக்கச் சொன்னேன். அவனுக்குத்தானே வேண்டும், அவனே படிக்கட்டும். பாஸில் போட்டோ இருப்பதால் வேறு ஆளுக்குக் கொடுக்க முடியாது. பணம் திரும்பாது. வருஷம் என்பது பணம் கட்டிய நாளிலிருந்தா, முதல் தடவை உள்ளே போன நாளிலிருந்தா என்று கேட்டால் அந்த ஆளுக்கே சரியாகத் தெரியவில்லை. பழுது பார்க்கிறோம் என்று மூடினால் நாள் சேர்த்துக் கொடுப்பார்களா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாப் பூங்காவும் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்ததை மறக்கவில்லையே. இன்னொன்று, உயரம். வொண்டர்லா மாதிரி இடங்களில் பிள்ளைக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தை அளந்துதான் டிக்கெட். பெரிய சறுக்குகளிலும் இத்தனை உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். என் மகள் நாலாவது படிக்கிறாள், குட்டை. அவளுக்குப் பாஸ் வாங்கினால் வருஷம் பூரா முழங்கால் தண்ணீரில்தான் நிற்பாள்.

எல்லாருக்கும் பாஸ் வீண் என்று சொல்ல வரவில்லை. எங்கள் குழுவில் ஒருத்தருடைய தங்கச்சியை மதுரைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, ஒரு பூங்காவுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. அவள் போன வருஷமே டிக்கெட் வாங்கி ஐந்து தடவை போயிருக்கிறாள். சாப்பாடு வீட்டில், பஸ் செலவு இல்லை. எங்கள் கணக்குப்படி ஐந்து தடவைக்கு டிக்கெட் 18,000, பாஸ் 10,000. அவளை வாங்கச் சொல்லி நானே சொன்னேன். கார் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-லிருந்து சுங்கச்சாவடிக்கு வருஷ பாஸ் வந்ததே, தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 தடவை, அதுவும் இதே கணக்குதான். திண்டுக்கல்லில் இருக்கிற என் தம்பி வாரம் ஒரு நாள் வேலையாக மதுரை போய்வருகிறான். வருஷத்துக்கு 104 தடவை கொடைரோடு சாவடியைத் தாண்டுகிறான். 3,000-ஐ 104-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு 29 ரூபாய். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர் சீசன் டிக்கெட் எடுக்க யோசிப்பாரா? ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற ஆளுக்குப் பாஸ் லாபம். இனிமேல் போகலாம் என்று நினைக்கிற ஆளுக்குத்தான் அது சந்தேகம்.

இதோடு முடிந்திருந்தால் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன். கடன் கேட்ட மூவரில் ஒரு மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "மாசாமாசம் வர்ற உரிமைத்தொகை ஆயிரத்தை வச்சு அடைச்சிருவேன். என் காசு. இத்தனை வருஷத்துல எம் புள்ளைகள நான் ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. பள்ளிக்கூடத்துல மத்த புள்ளைக சொல்றப்ப இது ரெண்டும் வாயப் பாத்துக்கிட்டு நிக்குதுக. கணக்குப் போட்டே எங்கள வீட்டுக்குள்ள வச்சிருவீக போல" என்று அழுதார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆண்கள் டீக்கடையிலும் வேறு கடையிலும் விடுகிற காசுக்கு யாரும் நோட்டு போடுவதில்லை. பிள்ளைகளோடு ஒரு நாள் தண்ணீரில் விளையாட ஆசைப்பட்டால் மட்டும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கணக்கு பார்க்கிறோம்.

அவரிடம் பிரதிநிதி அக்கா ஒன்று கேட்டார். "நாலு பாஸ்ல உன்னோடது ஒண்ணா? நீ தண்ணிக்குள்ள எறங்குவியா?" மதினி, "நான் எங்க, பையையும் செருப்பையும் யாரு பாக்குறது?" என்றார். போனவர்களுக்குத் தெரியும். குளத்து ஓரத்தில் வரிசையாக அம்மாமார் துண்டையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்காரவும் முழு டிக்கெட்தான். வருஷ பாஸ் வாங்கினால் வருஷம் பூரா பை காக்கிற பாஸ். அப்போது நாங்கள் முடிவு செய்ததில் முதல் விஷயம், எப்போது போனாலும் எல்லாரும் இறங்குவது. உடம்பு மறைக்கிற மாதிரி முழுக்கை நைலான் உடுப்பு கிடைக்கிறது, பர்தா போடுகிற அக்காமாருக்கும் அது தோது. குழுவாகப் போனால் பை காவலுக்கு முறை வைத்துக்கொள்ளலாம்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதியது இவ்வளவுதான். பாஸுக்கு உள்கடன் இந்த வருஷம் இல்லை. கிரைண்டருக்கு 8,000 கொடுத்தாச்சு, மாவு அக்கா இரண்டு தவணையும் கட்டிவிட்டார். பயணத்துக்கென்று தனி உண்டியல், வாரம் 100 ரூபாய், விருப்பப்பட்டவர்கள் மட்டும். 52 வாரத்தில் 5,200. குடும்பத்தோடு ஒரு நாளைக்கு 6,000 என்று போட்டோமே, கூட்டமாகப் போனால் வேன் வாடகையைப் பங்கு போடலாம், கூட்டத்துக்கு டிக்கெட்டில் தள்ளுபடி கேட்கலாம், வேலை நாளில் போனால் வரிசையும் குறைவு. 5,200-க்குள் அடங்கும் என்று நினைக்கிறோம். அடங்காவிட்டால் மேலே போட்டுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். சில பூங்காக்களில் பள்ளி மாணவருக்குத் தனிச் சலுகை உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள், அதை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

கோபப்பட்ட மதினிதான் உண்டியலுக்குப் பொறுப்பு. வாரம் தவறினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். அதுவரை பிள்ளைகளை ஆத்தூர் காமராசர் அணைப் பக்கம் காற்றாடக் கூட்டிப் போங்கள், செலவு ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், அங்கே காவலுக்கு ஆள் கிடையாது.

இப்போதைக்கு எங்கள் குழுவில் ஒன்பது குடும்பம் சேர்ந்திருக்கிறது. பஸ் அளவுக்குக் கூட்டம் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும். மற்ற குழுக்களில் விருப்பம் உள்ளவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குள் என்னிடமோ எங்கள் பிரதிநிதி அக்காவிடமோ பேர் கொடுங்கள். எத்தனை பேர், பிள்ளைகள் என்ன உயரம், இரண்டும் எழுதிக் கொடுங்கள். காலாண்டு லீவில் திங்கள் அல்லது செவ்வாய் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், பூப்பறிக்கிறவர்களுக்கு எந்த நாள் தோது என்று சொன்னால் அதையே வைத்துக்கொள்ளலாம்.